டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்

“பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, அதைப் போய் எதுக்குக் கழட்டணும்?” பழைய கார் வைத்திருப்பவரிடம் பின் சக்கர டிரம்மைத் திறந்து பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும். நியாயமான கேள்வி. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்துப் போட்டுக் கெடுத்த கதை எல்லோரிடமும் ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் டிரம் பிரேக் விஷயத்தில் இந்த நியாயம் எடுபடாது. டிஸ்க் பிரேக்கில் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பல கார்களில் வீலின் இடுக்கு வழியாகவே பார்த்துவிடலாம். டிரம்மில் தேய்வது, ஒழுகுவது, துருப்பிடிப்பது எல்லாமே வார்ப்பிரும்பு மூடிக்குள் நடக்கிறது. பெடலில் தெரிய ஆரம்பிக்கும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பார்ப்போம்.

நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 முதல் 2014 வரை வந்த அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரின் வழி வந்தது. அதிலும் பிரீமியர் பத்மினியிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான். அம்பாசடரின் பிந்தைய வகைகள் சிலவற்றில் மட்டும் முன்னால் டிஸ்க் வந்தது. மாருதி 800-இல் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் சிறிய கார்களிலும் பின்னால் பெரும்பாலும் டிரம்மே இருக்கிறது. பிரேக் போடும்போது காரின் எடை முன்னே சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. பின்னால் டிரம் போதும். விலை குறைவு, ஹேண்ட் பிரேக்கையும் அதற்குள்ளேயே சுலபமாக அமைத்துவிடலாம். ஆகவே இது பழைய கார்க்காரர்களுக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைக்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு வட்டமான இரும்புக் கூடு, அதுதான் டிரம். அதற்குள் சுற்றாமல் நிற்கும் தட்டு பேக் பிளேட். அந்தத் தட்டின் மேல் பிறை வடிவத்தில் எதிரெதிரே இரண்டு ஷூ. ஷூவின் வெளிவளைவில் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வைத்திருப்பது லைனர். இரண்டு ஷூவின் தலைக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு வீல் சிலிண்டர். நீங்கள் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் அழுத்தத்தோடு வந்து வீல் சிலிண்டரின் பிஸ்டன்களை இரு பக்கமும் தள்ளும். ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரில் உரசும். காலை எடுத்தால் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அமைப்பு. ஷூக்கள் உள்ளிருந்து விரியும் இந்த முறையை 1902-இல் காருக்குக் கொண்டுவந்த பெருமையை லூயி ரெனோவுக்குக் கொடுப்பார்கள். ஆயில் அழுத்தத்தால் இயக்கும் முறை அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஷூவும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. கைத்தடியை முன்னே சாய்த்துத் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே நடந்தால் அது குத்திக்கொண்டு நிற்கும். அதையே பின்னே சாய்த்து இழுத்துக்கொண்டு போனால் வழுக்கிக்கொண்டு கூடவே வரும். சிலிண்டர் மேலேயும் ஷூக்களின் அடிமுனை கீழேயும் இருக்கும் சாதாரணப் பின் சக்கரத்தில், காரின் முன்பக்கம் பார்த்த ஷூ முதல் வகை. சுற்றுகிற டிரம் அதைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொள்ளும். இதற்கு லீடிங் ஷூ என்று பெயர். பின்பக்கம் இருப்பது டிரெய்லிங் ஷூ. அதை டிரம் தள்ளிவிடப் பார்க்கும். அதனால் லீடிங் ஷூவின் லைனர்தான் வேகமாகத் தேயும். கழற்றிப் பார்க்கும்போது ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது இயல்பு.

பழைய அம்பாசடரின் முன் சக்கரங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிண்டர் வைத்து இரண்டு ஷூவையும் லீடிங் ஷூவாகவே அமைத்திருந்தார்கள். முன்னோக்கிப் போகும்போது பிடிமானம் பிரமாதம். ஆனால் வண்டி பின்னோக்கி உருண்டால் டிரம் எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு லீடிங் ஷூவும் அந்த நேரத்தில் டிரெய்லிங் ஷூ ஆகிவிடும். மேட்டில் நின்ற வண்டி பின்னால் நழுவும்போது, “என்ன மிதிச்சும் நிக்கலையே” என்று பழைய டிரைவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அந்த நேரத்தில் கால் பலத்தை மட்டும் நம்பாமல் ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுக்க வேண்டும். மேட்டில் நிறுத்தும்போது கியரிலும் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைக்க வேண்டும்.

பெடல் சொல்லும் அறிகுறிகள்

கழற்றுவதற்கு முன்பே பெடலை வைத்துச் சில விஷயங்களை ஊகிக்கலாம். முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்கி, உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், அல்லது லைனர் தேய்ந்துவிட்டது. எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சு போலவே இருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்த காலை அப்படியே வைத்திருக்கும்போது பெடல் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே ஈரமே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது என்று பொருள். இந்த மூன்றாவது அறிகுறி தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தில் லைனர் எண்ணெயில் நனைந்திருக்கலாம், ஒரு பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், இரண்டு பக்க அட்ஜஸ்ட்மென்டும் சமமாக இல்லாமல் இருக்கலாம். பெடல் காலடியில் துடித்தால் டிரம் வட்டம் தவறி நீள்வட்டமாகியிருக்கிறது. உலோகத்தில் உலோகம் உரசும் ‘கர்’ என்ற சத்தம் வந்தால் லைனர் முடிந்து ரிவெட்டோ ஷூவோ டிரம்மைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தோடு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லைனர் செலவோடு டிரம் செலவையும் சேர்த்து வைக்கும்.

கழற்றும் முறை

சமதளத்தில் நிறுத்துங்கள். கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பின் டிரம் கழற்ற வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும். அது பிடித்திருந்தால் ஷூ டிரம்மைக் கவ்விக்கொண்டிருக்கும். எனவே கல் கட்டாயம். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கி ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு ஒன்றைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்துவிட்டுத்தான் வேலை.

சில கார்களில் டிரம் இரண்டு சிறு ஸ்க்ரூவில் நிற்கும். சிலவற்றில் வீல் பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கும். நடு நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும். மாட்டும்போது அந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு அந்தந்தக் காரின் கையேட்டில் கணக்கு இருக்கிறது, கண்மட்டத்தில் இறுக்கக் கூடாது. வருடக் கணக்கில் திறக்காத டிரம் லேசில் வராது. சில டிரம்களின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் இருக்கும். பொருத்தமான போல்ட் இரண்டை எடுத்து மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். இல்லையென்றால் மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். கொஞ்சம் வந்து அப்புறம் மாட்டிக்கொண்டால், டிரம்மின் உள் ஓரத்தில் தேயாமல் நின்ற மேடு ஷூவைத் தடுக்கிறது. அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே இழுத்தால் வந்துவிடும்.

டிரம் கையில் வந்ததும் ஒரு எச்சரிக்கை. உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897-இல் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் 1908-இல் லைனரில் ஆஸ்பெஸ்டாஸைச் சேர்த்தது. சூட்டைத் தாங்கும் என்பதால் உலகம் முழுக்க அதைப் பின்பற்றினார்கள். அந்தத் துகள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டு கழித்தும் புற்றுநோயாக வெளிப்படும் என்பது பின்னால் உறுதியானது. இன்று ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் பழைய காருக்குள் இருக்கும் பழைய லைனர் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்துத் தூசியை ஈரமாக்கி, பழந்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது. தடுப்பதற்கு டிரம் இல்லாததால் பிஸ்டன்கள் சிலிண்டரை விட்டு வெளியே துள்ளிவிடும். ஆயிலும் கொட்டும், காற்றும் புகும்.

எதை எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் லைனர். ஒட்டிய லைனராக இருந்தால் ஷூவின் உலோகத்துக்கு மேல் 1.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ரிவெட் அடித்ததாக இருந்தால் ரிவெட் தலைக்கு மேல் 1 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. உங்கள் காரின் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதுதான் கணக்கு. தடிமன் இருந்தும் விரிசல் விட்டிருந்தாலோ, கண்ணாடி போலப் பளபளத்தாலோ, ஓரம் பெயர்ந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து ஈரம். லைனர் நனைந்திருந்தால் என்ன நனைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். விரலில் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது பின் ஆக்ஸிலின் 90 ஆயில். அம்பாசடர் போல டிஃபரன்ஷியல் பின்னால் உள்ள வண்டிகளில் ஆயில் சீல் கிழிந்தால் இப்படி வரும். நீர்த்து, தண்ணீர் ஊற்றினால் கழுவிக்கொண்டு போனால் அது பிரேக் ஆயில். வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது ஷூ மாட்டினால் அதுவும் சில வாரங்களில் நனைந்து நிற்கும். நனைந்த லைனரைப் பெட்ரோலில் கழுவித் தீயில் வாட்டிப் போடும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. லைனர் எண்ணெயை உள்ளே குடித்திருக்கும். சூடேறும்போது மறுபடியும் கசியும். கழுவிப் பிழைக்கிற பொருள் அது இல்லை.

வீல் சிலிண்டரின் இருபுறமும் உள்ள ரப்பர் தொப்பியை விரலால் மெல்ல விலக்குங்கள். உள்ளே ஆயில் தேங்கி வழிந்தால் சிலிண்டர் வேலைக்கு ஆகாது. பிரித்துப் பார்க்கும்போது உட்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றலாம். துருக்குழி இருந்தால் எத்தனை உப்புத்தாள் தேய்த்தாலும் புது ரப்பரை அந்தக் குழி கிழித்துவிடும். சிலிண்டரையே மாற்றுங்கள்.

பிறகு டிரம். உட்சுவரில் விரலை ஓட்டினால் கோடு கோடாகப் பள்ளம் நெருடுகிறதா, நீலம் பாரித்த சூட்டுத் திட்டுகள் இருக்கின்றனவா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட டிரம்முக்கு மறுவாழ்வு கிடையாது. பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாம். ஆனால் எவ்வளவு கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு. பல டிரம்களில் அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டிய டிரம் மெலிந்து, சூட்டைத் தாங்காமல் போகும். கடைவதென்றால் ஒரே ஆக்ஸிலின் இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்பிரிங்குகளை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். சூட்டில் வெந்து தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷூவை முழுதாக இழுக்காது. ஷூ உரசிக்கொண்டே இருக்கும். சுருள்களுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ ஷூவோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். செலவு சொற்பம்.

ஷூ மாட்டும்போது

புது ஷூவை ஒரு சக்கரத்துக்கு மட்டும் வாங்காதீர்கள். ஆக்ஸிலுக்கு ஒரு செட், நான்கு ஷூ. பழைய ஷூவின் இரும்பு நன்றாக இருந்தால் லைனர் மட்டும் மாற்றி ரிவெட் அடித்துத் தரும் பட்டறைகள் இன்னும் உண்டு. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ரிவெட்டை நடுவில் தொடங்கி இரண்டு முனையை நோக்கி அடித்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனர் எழும்பி நிற்கும். ஷூவுக்கும் லைனருக்கும் இடையில் மெல்லிய தகடு நுழைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சென்னையைப் பொறுத்தவரை இந்தப் பொருள்களுக்கு அலைய வேண்டியதில்லை. பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், 1964-இல் வந்த ரானே பிரேக் லைனிங்கும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் இந்த ஊரில் உருவானவைதான். ஜி.பி. ரோட்டில் புதுப் பொருளும் புதுப்பேட்டையில் பழைய பொருளும் கிடைக்கும். வழக்கிழந்த மாடலுக்கு டிரம் தேட வேண்டுமென்றால் புதுப்பேட்டை போகலாம். லைனரையும் ரப்பர் கிட்டையும் மட்டும் புதிதாக, நம்பிக்கையான கடையில், பெட்டி பிரிக்காததாக வாங்குங்கள். பிரேக்கில் போலிப் பொருள் வாங்கி மிச்சம் பிடிக்க முடியாது.

வேலையை ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்தக் கம்பி எதற்கு மேலே என்று சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் சாட்சியாக இருக்கும். பிரிக்கும் முன் மொபைலில் நாலு படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. நட்சத்திரச் சக்கர அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் இடது, வலது மரைகள் எதிரெதிராக இருக்கும். மாற்றி மாட்டினால் தானாக இறுக வேண்டியது தானாகத் தளரும்.

பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் சறுக்கும் மேடுகள் சில பளபளவென்று தேய்ந்து தெரியும். அவற்றைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியில் தொட்டு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். இது இல்லாமல்தான் பல வண்டிகளில் ஷூ கிறீச்சிடுகிறது, மாட்டிக்கொள்கிறது. கிரீஸ் அதிகமாகப் போனால் சூட்டில் உருகி லைனரில் வழியும். லைனர் முகத்தைக் கிரீஸ் கையோடு தொடாதீர்கள். புது லைனர் தடிமனாக இருப்பதால் பிஸ்டன்களை உள்ளே தள்ள வேண்டிவரும். அப்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே உள்ள டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

டிரம் தேய்ந்து விட்டம் கூடியிருந்தால் புது ஷூவின் வளைவு அதோடு முழுதாகப் பொருந்தாது. சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். லைனர் முகம் முழுக்கச் சாக்பீஸால் தேய்த்து, டிரம்மை மாட்டி, பெடலை லேசாக மிதிக்கச் சொல்லி டிரம்மைக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் பிரேக் பிடிக்கிறது. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் அழிந்து மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே இருந்தால், எட்டில் ஒரு பங்கு லைனரை நம்பி வண்டி ஓட்டப்போகிறீர்கள் என்று அர்த்தம். டிரம்மின் அளவுக்கு ஏற்ப லைனரைக் கடைந்து பொருத்தச் சொல்லுங்கள். பார்த்த பிறகு சாக்பீஸ் தூளைத் துடைத்துவிடுங்கள்.

அட்ஜஸ்ட்மென்டில் ஒழுங்கு முக்கியம். முதலில் ஷூ, கடைசியில் ஹேண்ட் பிரேக். தானாக அட்ஜஸ்ட் ஆகாத பழைய வகைகளில் டிரம்மின் ஓட்டை வழியாகத் திருப்புளியாலோ, பேக் பிளேட்டின் பின்னால் உள்ள சதுரத் தலையைச் சாவியாலோ திருப்ப வேண்டும். சக்கரம் நின்றுபோகும் வரை இறுக்கி, பிறகு ஒவ்வொரு சொடுக்காகத் தளர்த்தி, தடையில்லாமல் சுற்றும்போது நிறுத்துங்கள். நடுவில் பெடலை ஒருமுறை மிதித்து விட்டால் ஷூ தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். ஹேண்ட் பிரேக் மேலே வரை வருகிறது என்றதும் கேபிளை இறுக்குவதுதான் பலரின் வழக்கம். ஷூ தேய்ந்ததைக் கேபிளால் மறைப்பது அது. தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகைகளில் கேபிள் அளவுக்கு மீறி இறுகினால் ஷூ முழுதாக உள்ளே திரும்பாது, அட்ஜஸ்டரும் வேலை செய்யாது.

ஆயிலும் காற்றும்

ஷூ மட்டும் மாற்றினால் காற்று எடுக்கத் தேவையில்லை. சிலிண்டரையோ பைப்பையோ கழற்றியிருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் வீல் சிலிண்டரின் பின்னால் காற்றை வெளியேற்றும் நிப்பிளில். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். மிதித்துப் பிடித்ததும் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே பெடலை விட வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். வலதுபக்க ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் அது பின் இடது சக்கரம். டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டிலில் வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

பிரேக் ஆயில் கிளைகால் வகைத் திரவம். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர்கள் எல்லாம் உப்பி, முழு சிஸ்டமும் போய்விடும்.

மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன்பே பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு மிதமாக மிதித்து ஓட்டுங்கள். லைனரும் டிரம்மும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். திங்கட்கிழமை ஷூ மாற்றிவிட்டுச் செவ்வாய்க்கிழமை மலையேற வேண்டாம்.

மலையும் மழையும்

டிரம்மின் உண்மையான பலவீனம் சூடு. மூடிய கூடு என்பதால் வெப்பம் வெளியேற நேரமாகும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் இறங்கும். லைனரும் சூட்டில் பிடியை இழக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளிலோ காலை பெடலிலேயே வைத்து இறங்குபவருக்கு இது நேரும். பழைய ஆயிலும் சேர்ந்தால் அது கொதித்து ஆவியாகி, மிதிக்க மிதிக்க ஒன்றுமே இருக்காது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தமாக மிதித்து விடுங்கள், தொடர்ந்து உரச விடாதீர்கள். பெடல் இறங்கத் தொடங்கினால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

மழைக்காலத்தில் வேறு வகைத் தொல்லை. தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து லைனர் வழுக்கும். பின்னால் யாரும் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தி வையுங்கள். உரசும் சூட்டில் காய்ந்துவிடும். சக்கரம் நனைந்த நிலையில் ஹேண்ட் பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தினால் லைனர் துருவோடு சேர்ந்து டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சமதளத்தில் நிற்கும் வண்டிக்குக் கியரும் கல்லும் போதும்.

இவ்வளவும் நீங்களே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. கையில் பழக்கம் இல்லாதவர்கள் கழற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மாட்டுவதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே சரி. ஆனால் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். “லைனர் எவ்வளவு இருக்கு, சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தீங்களா, டிரம் விட்டம் அளந்தீங்களா?” என்ற மூன்று கேள்வியையும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாத வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை டிரம் திறக்கப்பட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.